சம்பளம் வந்த பிறகும் தட்டுப்பாடு தீராதது ஏன்? – வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஒரு குடும்பத்தின் வருமானத்துக்கும், அந்த வீட்டுக்குள் உண்மையில் நிலவும் தட்டுப்பாட்டுக்கும் என்ன தொடர்பு, காலப்போக்கில் ஒன்று மற்றொன்றை எப்படிப் பாதிக்கிறது என்பதே அந்தப் பொருள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் எதிர்வீட்டுக்காரர் கொத்தனார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததால் ஏறத்தாழ ஓராண்டு வேலைக்குப் போகவில்லை. அந்த ஓராண்டில் அவர்கள் வீட்டில் உலை வைக்காத நாள் இல்லை. பிள்ளைகளும் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனார்கள். இப்போது அவர் முன்னைவிடக் கூடுதலாகவே கூலி வாங்குகிறார். ஆனால் இப்போதுதான் பால் வாங்குவதை நிறுத்தியிருக்கிறார்கள். மூத்த பெண்ணை டியூஷனிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். சம்பாத்தியம் இல்லாதபோது நன்றாக இருந்தவர்கள் சம்பாத்தியம் வந்த பிறகு கஷ்டப்படுவது எப்படி? பணத்தை வீணடிக்கிறார்கள் என்று என் கணவர் சொல்கிறார்.
– தையல் தொழில் செய்யும் வாசகி, திண்டிவனம்

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர்கள் எதையும் வீணடித்ததாகத் தெரியவில்லை. உழைப்பை நம்பி வாழும் குடும்பங்களில் வருமானம் ஒரு காலத்திலும் தட்டுப்பாடு வேறொரு காலத்திலும் வருவது வழக்கம். நீங்கள் பார்த்தது அந்த இடைவெளியைத்தான்.

வருமானம் நின்ற அன்றே எந்த வீடும் பட்டினி கிடப்பதில்லை. சீட்டுப் பணம் இருக்கும், அதை எடுப்பார்கள். ஆடு இருக்கும், அதை விற்பார்கள். மளிகைக் கடைக்காரர் பழகியவராக இருந்தால் ஆறு மாதமாவது நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார். அண்ணன் தம்பி கைமாற்றாகக் கொஞ்சம் தருவார்கள். இவையெல்லாம் தீரும்போது, சில சமயம் தீருவதற்கு முன்பே, காதிலும் கழுத்திலும் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஓராண்டு முழுவதும் அடுப்பு எரிவது மட்டுமே தெரியும். பத்து ஆண்டுகளாகச் சேர்த்ததெல்லாம் அந்த அடுப்பில் எரிந்துகொண்டிருப்பது தெரியாது.

நான் பல ஆண்டுகளாகப் பழகும் ஒரு குடும்பத்தில் இது ஒவ்வொன்றாக நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கணவருக்கு நுரையீரல் நோய் வந்து பதினான்கு மாதம் வேலை இல்லை. முதலில் மீனும் பழமும் நின்றன. அடுத்து அந்த அம்மாளின் தோடு போனது. காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று அவர் வேப்பங்குச்சியைச் சிறிதாக ஒடித்துச் செருகியிருந்தார். தோடு எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று புடவைத் தலைப்பைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வார். பிறகு சங்கிலி போனது. எரிவாயு சிலிண்டர் காலியானதும் அதை மாற்றாமல், பழைய புடவை ஒன்றைப் போர்த்தி மூலையில் வைத்துவிட்டுக் கொல்லையில் விறகடுப்பு மூட்டினார். அடகுச் சீட்டு இரண்டையும் நான்காக மடித்து, ரேஷன் அட்டை இருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். கணவர் மீண்டும் வேலைக்குப் போன மாதத்தில், வருமானத்தை மட்டும் கேட்டு எழுதும் எந்தக் கணக்கெடுப்பாளரும் அந்த வீட்டை வறுமையிலிருந்து மீண்ட வீடு என்றே பதிவு செய்திருப்பார். ஆனால் காதில் குச்சி இன்னும் இரண்டரை ஆண்டு இருந்தது. தோட்டை மீட்டார்கள், சங்கிலி ஏலத்தில் போய்விட்டது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 60,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,800 ரூபாய் வட்டி. இரண்டு ஆண்டு பத்து மாதம் தவறாமல் கட்டினால் கட்டிய வட்டி மட்டுமே 61,200 ரூபாய் ஆகிவிடும். வாங்கிய 60,000 அப்படியே நிற்கும். திரும்பி வந்த கூலி முதலில் மளிகைக் கடை நோட்டுக்குப் போகிறது, ஏனென்றால் அதை அடைக்காவிட்டால் நாளைக்கு அரிசி பருப்பு கிடைக்காது. அடுத்து வட்டிக்கு, அதற்கடுத்து கைமாற்று கொடுத்த உறவுக்காரருக்கு. அவர் வீட்டில் திருமணம் வந்திருக்கும். உங்கள் எதிர்வீட்டில் பால் நின்றதும் டியூஷன் நின்றதும் இந்த வரிசையின் கடைசிப் பகுதி என்றே நினைக்கிறேன். சம்பாத்தியம் இல்லாத ஆண்டின் செலவை அவர்கள் இப்போதுதான் கட்டுகிறார்கள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் அந்தப் பெண்ணுக்கு மாலையில் உங்கள் தையல் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க இடம் கொடுங்கள். அது அந்த வீட்டுக்குச் சிறிய உதவி அல்ல.

கேள்வி: தமிழ்நாட்டில் வறுமை 2 விழுக்காடுதான் என்று ஒரு செய்தியிலும், 11 விழுக்காடு என்று ஒரு பாடநூலிலும் படித்தேன். எது சரி? இரண்டுமே சரி என்றால் நம் கண்ணெதிரே தெரியும் கஷ்டம் எந்தக் கணக்கில் சேர்கிறது?
– பொருளியல் மாணவர், கும்பகோணம்

பதில்: இரண்டும் சரிதான் தம்பி, ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்களை அளக்கின்றன. பாடநூலில் உள்ளது செலவுக் கணக்கு. வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழு வகுத்த முறைப்படி 2011-12ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஊரகத்தில் ஒருவருக்கு மாதம் 880 ரூபாய், நகரத்தில் 937 ரூபாய் என்று கோடு போட்டு, அதற்குக் கீழே செலவு செய்தவர்களை எண்ணியதில் 11.28 விழுக்காடு வந்தது. 880 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 29 ரூபாய் சொச்சம். அந்தக் கோடு மிகத் தாழ்வானது என்ற கடும் எதிர்ப்புக்குப் பிறகு அமைந்த ரங்கராஜன் குழு 2014இல் கோட்டைச் சற்று உயர்த்தியது. உடனே அதே 2011-12ஆம் ஆண்டுக்கு நாடு முழுவதற்குமான வறுமை 21.9 விழுக்காட்டிலிருந்து 29.5 விழுக்காடாக மாறிவிட்டது. அந்த ஆண்டில் எந்த வீட்டிலும் எதுவும் மாறவில்லை. கோடு மட்டுமே மாறியது.

செய்தியில் நீங்கள் படித்தது நிதி ஆயோக் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு. அதில் வருமானமும் இல்லை, செலவும் இல்லை. ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பேறுகால நலம், பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு என்பன போன்ற 12 குறிகளை வைத்துக்கொண்டு, அவற்றின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லாதவர்களை ஏழைகள் என்று எண்ணுகிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவுகளை வைத்துக் கணக்கிட்டதில் 2015-16இல் தமிழ்நாட்டில் 4.76 விழுக்காடாக இருந்தது 2019-21இல் 2.20 விழுக்காடாகக் குறைந்தது. நாடு முழுவதும் 24.85 விழுக்காடு 14.96 விழுக்காடானது. இது உண்மையான முன்னேற்றம், நான் இதைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. மின்சாரமும் கழிப்பறையும் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு அவை கிடைத்திருப்பது பெரிய செய்தி. ஆனால் கடன், அடகு, வாடகைப் பாக்கி, மருந்து வாங்க முடியாமை, வேலை நிச்சயமின்மை ஆகிய எதற்கும் அந்த 12 குறிகளில் இடம் இல்லை. உங்கள் கண்ணெதிரே தெரியும் கஷ்டத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

வருமானத்தையும் தட்டுப்பாட்டையும் ஒரே ஆளிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வேறு நாடுகளில் உண்டு. சிகாகோ நகரில் 1983லும் 1985லும் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து சூசன் மேயர், கிறிஸ்டோபர் ஜென்க்ஸ் இருவரும் 1989இல் எழுதிய ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. போதிய உணவு இல்லாமை, வாடகை கட்ட முடியாமை, மருத்துவரிடம் போக முடியாமை போன்ற கஷ்டங்கள் ஒரு குடும்பத்துக்கும் மற்றொரு குடும்பத்துக்கும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தபோது, அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டுமே வருமானத்தால் விளக்க முடிந்தது. உடல்நலம், சொந்த வீடு, கடன் வாங்கும் வாய்ப்பு, பணமாக அல்லாமல் கிடைக்கும் உதவிகள் ஆகியவற்றைச் சேர்த்த பிறகு இன்னும் கொஞ்சம் விளங்கியது. அயர்லாந்தில் பிரையன் நோலன், கிறிஸ்டோபர் வீலன் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பிறகு, 1997 முதல் அரசே இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது: வருமானமும் குறைவாக இருக்க வேண்டும், அடிப்படைப் பொருள்களும் இல்லாமலிருக்க வேண்டும், அப்போதுதான் நிலைத்த வறுமை என்று எண்ணுவார்கள். அவர்களுடைய பட்டியலில் இரண்டு ஜோடி உறுதியான காலணிகளும், மழை குளிர் தாங்கும் மேலங்கியும் உண்டு. இல்லை என்று சொன்னால் அதோடு விடுவதில்லை. பணம் இல்லாததால் இல்லையா, வேண்டாம் என்று வைக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். நம் ஊரில் பொங்கலுக்குப் புதுத்துணி எடுத்தீர்களா என்று கேட்டுவிட்டு, எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பதற்கு ஒப்பானது அது.

நீங்கள் பொருளியல் மாணவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கணக்கெடுப்புகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வீடுகளுக்குப் போகின்றன. ஆகவே 100 பேரில் 10 பேர் ஏழைகள் என்று இரண்டு முறை வந்தால், அதே 10 பேரா, பழைய 10 பேர் மீண்டு வேறு 10 பேர் விழுந்தார்களா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். தில்லியிலுள்ள தேசியப் பயன்பாட்டுப் பொருளியல் ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 2004-05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்து, 2011-12இல் அவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை மீண்டும் தேடிப் போய், 2022-24இல் மூன்றாம் முறையும் சந்தித்திருக்கின்றன. அந்த ஆய்வின் அடிப்படையில் 2024இல் வெளியான கட்டுரை, 2011-12இல் 21.2 விழுக்காடாக இருந்த வறுமை 2022-24இல் 8.5 விழுக்காடாகக் குறைந்ததாகக் கணக்கிட்டது. அந்த 8.5 விழுக்காட்டில் 3.2 விழுக்காட்டினர் மட்டுமே ஏழைகளாகவே பிறந்து அப்படியே இருப்பவர்கள், மீதி 5.3 விழுக்காட்டினர் நோய், இயற்கைப் பேரிடர், வேலையிழப்பு போன்ற ஏதோ ஒன்றால் பின்னால் விழுந்தவர்கள். வறுமை என்றால் ஒரு குறிப்பிட்ட கூட்டம் என்றும், அவர்களை ஒருமுறை அடையாளம் கண்டு பட்டியலில் எழுதிவிட்டால் போதும் என்றும் நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நேற்று விழுந்தவர் நேற்று முன்தினம் எழுதிய பட்டியலில் இருக்க மாட்டார்.

கேள்வி: வீட்டில் டி.வி., மிக்சி, கிரைண்டர், வாசலில் மோட்டார் சைக்கிள், கையில் செல்போன். இவ்வளவும் இருக்கும் வீட்டை ஏழை வீடு என்று எப்படி ஏற்பது?
– ஓய்வுபெற்ற அலுவலர், ஈரோடு

பதில்: ஐயா, அந்த டி.வி. எப்படி வந்தது என்று கேளுங்கள். 2006க்குப் பிறகு சில ஆண்டுகளில் அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் விலையில்லாமல் கொடுத்தது. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் உடைமைகளைப் பார்த்து அந்த வீட்டின் நிலையைச் சொல்லிவிட முடியாது. சொந்தப் பணத்தில் வாங்கியதாகவே இருந்தாலும், பொருள் என்பது அதை வாங்கிய நல்ல காலத்தைவிட நீண்ட நாள் இருக்கும். பழைய மிக்சியை விற்றால் ஒரு வாரத்து மளிகைக்குக்கூடக் காணாது என்பதால் அது வீட்டிலேயே இருந்துவிடுகிறது. விற்கத் தக்கது எதுவோ அது எப்போதோ போயிருக்கும். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தறிப்பட்டறைக்கோ கட்டட வேலைக்கோ போக வேண்டியவருக்குப் பேருந்து இல்லையென்றால் அது வேலையின் ஒரு பகுதி. மாதத் தவணை கட்ட முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு வேலையையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

இதே காரணத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் நியாயவிலைக் கடை எல்லாருக்கும் பொதுவாக இருப்பதும், 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைப்பதும், 1982 முதல் சத்துணவும், 2022 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கிடைப்பதும், வருமானம் நின்ற வீட்டில் முதல் அடி வயிற்றில் விழாமல் காக்கின்றன. அதனால் நம் ஊர்த் தட்டுப்பாடு பசியாகத் தெரியாமல் வட்டியாக, நின்றுபோன வைத்தியமாக, ஒத்திப்போட்ட படிப்பாகத் தெரிகிறது. அவற்றைக் கண்டுபிடிக்க வீட்டின் கூடத்தைப் பார்த்தால் போதாது.

கேள்வி: நான் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் தம்பியும் நானும் சம்பாதிப்பதைச் சேர்த்தால் எங்கள் வீட்டு வருமானம் மோசமில்லை. ஆனால் அம்மா எப்போது கேட்டாலும் எனக்குப் பசியில்லை என்பார். மூக்குக் கண்ணாடி உடைந்து ஓராண்டாகியும் மாற்ற விடமாட்டேன் என்கிறார். ஒரே வீட்டில் ஒருவர் மட்டும் ஏழையாக இருக்க முடியுமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: இருக்க முடியும் மகளே. வீட்டையே ஓர் அலகாக எடுத்து அளக்கும் கணக்குகளில் மிகப் பெரிய ஓட்டை இதுதான். மொத்த வருமானத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவ்வளவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். எந்த வீட்டிலும் அப்படிக் கிடைப்பதில்லை. கஷ்ட காலத்தில் வீட்டுக்காரி தன் பங்கைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களின் தட்டை நிரப்புகிறாள். நல்ல காலம் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை, ஏனென்றால் அது எப்போது மறுபடி வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பல்பரிமாண வறுமை 2.20 விழுக்காடாகப் பதிவான அதே ஆய்வில்தான் இதுவும் பதிவாயிற்று. இரத்தசோகைக்கு வறுமை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடைசியில் சாப்பிடுகிறவளுக்குக் கீரையும் முட்டையும் மிஞ்சுவதில்லை என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

அம்மாவிடம் வேண்டுமா என்று கேட்காதீர்கள். கண் பரிசோதனைக்கு நேரே அழைத்துக்கொண்டு போங்கள். சாப்பாட்டை நீங்களே பரிமாறி, அம்மாவையும் கூடவே உட்கார வையுங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்டத்திலுள்ள இருவேல்பட்டு கிராமத்தை நூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே என்ன தெரியவந்தது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பி, வீடு வீடாக விசாரித்து எழுதச் செய்தார். அவர் 1918இல் பதிப்பித்த தொகுப்பில் இருவேல்பட்டும் திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டானும் தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சியும் வடமலாபுரமும் தூசியும் இடம்பெற்றன. இருவேல்பட்டுக்கு 1937, 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டு ஆய்வில் எஸ். குகனும், 2008ஆம் ஆண்டு ஆய்வில் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் ஈடுபட்டார்கள்.

ஸ்லேட்டர் காலத்தில் அங்கே படியாள் முறை இருந்தது. மிராசுதாரிடம் கடன் வாங்கியவர் அந்தக் கடனுக்காக அவர் நிலத்திலேயே உழைப்பார். கூலியாகத் தானியம் அளப்பார்கள். கடன் அடையாமல் மகன் தலைக்கு இறங்கும். வருமானம், கடன், தட்டுப்பாடு மூன்றும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் அது. 2008இல் அந்த முறை இல்லை. சேரி மக்கள் ஊருக்கு வெளியே வேலைக்குப் போகிறார்கள், நியாயவிலை அரிசி கிடைக்கிறது, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூறு நாள் வேலையும் வந்திருந்தது; நிலக்காரரை அண்டித்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரிதும் தளர்ந்திருந்தது. நிலம் மட்டும் பெரிய அளவில் அவர்கள் கைக்கு வரவில்லை. என் பார்வையில் இதில் பெரிய செய்தி, ஒரு நாள் கூலி உயர்ந்ததைவிட, கூலி நின்ற நாளில் யாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பது மாறியதுதான். இப்போது அந்த இடத்தில் அடகுக் கடையும், வாரத் தவணை வசூலிக்கும் குழுக் கடனும் நிற்கின்றன. படியாள் முறையோடு அதை ஒப்பிடுவது நியாயமல்ல, ஆனால் அவற்றின் கணக்கையும் யாராவது வீடு வீடாகப் போய் எழுத வேண்டும்.

கேள்வி: என் கணவர் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்த்த பஞ்சாலையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். எனக்கு வயது 34. பெண் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பும், பையன் இரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். கையில் ஐந்து பவுன் நகையும் 18,000 ரூபாயும் இருக்கின்றன. வாடகை 4,500. கடன் இப்போதைக்கு இல்லை. எதை முதலில் குறைப்பது, எதைத் தொடக் கூடாது என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.
– வாசகி, இராசபாளையம்

பதில்: சகோதரி, கடன் இல்லாத நிலையில் முதல் மாதத்திலேயே நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. பெரும்பாலானவர்கள் எனக்கு எழுதும்போது நகை எல்லாம் போயிருக்கும்.

வரவேண்டிய பணத்தை முதலில் கேளுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்குப் பணிக்கொடை சட்டப்படியான உரிமை. ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், பதினொரு ஆண்டுக்கு அது கணிசமான தொகை. வருங்கால வைப்பு நிதியும் இருக்கும். நிர்வாகம் இழுத்தடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்று வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகை உங்களுக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பணம் வரும்வரை தாங்குவதற்குத்தான் 18,000 ரூபாய்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை அது தாங்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். தொழிலிழந்த வீட்டில் ஒரு நோயும் சேர்ந்துகொண்டால்தான் குடும்பங்கள் நீண்ட காலத்துக்கு விழுகின்றன என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கத் தயங்கியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. கட்டணப் பாக்கி சேர்ந்து, பாதி ஆண்டில் மாற்றுச் சான்றிதழுக்காகக் கெஞ்சும் நிலை வருவதற்கு முன்பு, இந்தக் கல்வியாண்டு முடிந்ததும் இருவரையும் அரசுப் பள்ளிக்கு மாற்றுவதை யோசியுங்கள். பையனுக்குக் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும். பெண் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரியில் சேரும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதி உண்டு. இதில் இறக்கம் எதுவும் இல்லை. படிப்பை நிறுத்துவது வேறு, பள்ளியை மாற்றுவது வேறு.

பாலையும் முட்டையையும் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் நிறுத்தாதீர்கள். வீட்டு உரிமையாளரிடம் நிலைமையை இப்போதே சொல்லிவிடுங்கள். பாக்கி வைத்த பிறகு சொல்வதைவிட இப்போது சொன்னால் முன்பணத்தில் ஓரிரு மாதம் கழித்துக்கொள்ள அவர் சம்மதிக்கக்கூடும்.

நகையைத் தொட வேண்டி வந்தால் ஐந்து பவுனையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். இரண்டு பவுன், ஒன்றரைப் பவுன் என்று தனித்தனிச் சீட்டாக வையுங்கள். பணம் வரும்போது ஒவ்வொன்றாக மீட்க முடியும், ஒன்று தவறினாலும் எல்லாம் ஏலத்துக்குப் போகாது. கூட்டுறவுச் சங்கம் அல்லது அரசு வங்கியில் மட்டும் வையுங்கள்; தெருமுனைக் கடையின் வட்டிக்கும் அவற்றின் வட்டிக்கும் மாதக் கணக்கில் பெரிய வேறுபாடு இருக்கும். தினவட்டி, மீட்டர் வட்டி, ஸ்பீடு வட்டி என்று எந்தப் பெயரில் யார் வந்தாலும் வேண்டாம். 2003 முதல் கந்துவட்டி இந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம் என்றாலும், கையெழுத்துப் போட்ட பிறகு வழக்குப் போட்டு மீள்வதற்குள் வீடு சிதைந்துவிடும்.

நீங்களும் வேலைக்குப் போவதென்று முடிவு செய்தால், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, பேருந்து எது என்பதையெல்லாம் கணவரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். அவர் கட்டட வேலைக்கோ கடைக்கோ உடனே போவதைக் கௌரவக் குறைவாக நினைத்தால் கடிந்துகொள்ளாதீர்கள். பதினொரு ஆண்டு ஒரே வாயிற்படியில் நுழைந்தவருக்குச் சில வாரம் தேவைப்படும். ஆனால் வைத்த நகைக்கு மீட்கும் தேதி என்ன என்பதை இருவரும் தெரிந்திருக்க வேண்டும். சீட்டை டப்பாவுக்குள் மடித்து வைக்காமல், அந்தத் தேதியையும் அதற்கு ஒரு மாதம் முந்தைய தேதியையும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, இரண்டு பேர் கண்ணிலும் படும்படி மாட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நிலைமை எப்படி என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.